என் மகளின் குரலை ஒலியில்லாமல் கேட்டவர்கள்

ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் மீது எனக்குள்ள குறைகள்:

1. திங்கள்: மாலை வகுப்பு எத்தனை மணிக்கு முடியும் என்று என் மகள் தொலைபேசியில் கேட்டாள். "கனவுக்கு நேரம் கிடையாது தங்கச்சி" என்றார்கள்.

2. புதன்: அதையே வாட்ஸ்அப்பில் கேட்டாள். பட்டமளிப்புத் தொப்பியின் படம் வந்தது.

3. இன்று, வியாழன்: புதிதாகச் சேரவிருக்கும் மாணவரின் 'குரலைக் கேட்க' மாத்தளையில் கூட்டம் வைத்தார்கள். இருவரும் சென்றோம்.

மகள் எழுந்தாள். "சேர், ரத்தோட்டைக்குக் கடைசி பஸ் ஆறரைக்கு. கிளாஸ் அதுக்கு முன்னாடி முடிஞ்சிருமா?"

"சூப்பர் கேள்வி தங்கச்சி" என்றார் விளம்பரப் பிரிவு அதிகாரி. "இப்ப கேமராவைப் பாத்து, 'என் குரலைக் கேட்டாங்க'ன்னு சொல்லுங்க."

"நீங்க இன்னும் பதிலே சொல்லலையே சேர்."

மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

பிற்பகலில் அவள் கேள்வி கேட்கும் காணொளியை முகநூலில் வெளியிட்டார்கள். அவளுடைய பேச்சை நீக்கி, வயலின் இசை சேர்த்திருந்தார்கள்.

விண்ணப்பிக்கச் சனிக்கிழமையே இறுதி நாள். பஸ்ஸைத் தவறவிட்டால் வீடு திரும்ப அவளுக்கு வேறு வழியில்லை.

ஆகவே, காணொளியை அகற்றி, வகுப்பு முடியும் நேரத்தை நாளை மாலை நான்கு மணிக்குள் எழுத்தில் அறிவிக்குமாறு கோருகிறேன்.

அந்த நேரம் தெரிந்த நண்பர்கள் இந்தப் பதிவின் கீழே எழுதலாம். நிறுவனத்துக்கும் உதவியாக இருக்கும்.