உச்சி வெயிலில் ஒரு பெரட்டு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்க் காப்பி கலக்குகிற ஆள். பயந்து இல்லை, அந்தப் பேச்சே எனக்குச் சலிப்பு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டில் தனியாகக் குலை வெட்டியவன், சுடுகாட்டு ஓரமாக எத்தனையோ தடவை சைக்கிளில் போய் வந்தவன், ஒன்றும் என்னைத் தொட்டதில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது, தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன், அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாது. நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் கிழவனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இது ராத்திரியில் நடக்கவில்லை, நிழல் காலடியில் சுருங்கிக் கிடக்கிற நல்ல பகலில் நடந்தது.

என் தங்கை சரசு, அவள் மகள், நான், மூன்று பேரும் மலேசியாவில் மந்தின் என்கிற சின்ன ஊரில் ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். தோட்டத்தை விற்று எங்களை வெளியே அனுப்பிய பிறகு அவள் நீலாயில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்தாள். அவளுக்குச் சீக்கு வந்தது முதலில் காலில்தான் தெரிந்தது. வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றினால் வார் இருந்த இடம் பள்ளமாக நிற்கும், சோறு பொங்கி முடிக்கிற வரைக்கும் மறையாது. "நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கோம்ல, அதான்" என்பாள். நானும் அதான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். அதற்குப் பிறகு வாரத்தில் பாதி நாள் சிரம்பானுக்குப் போய் ரத்தம் கழுவுவதுதான் அவள் பிழைப்பு.

நான் ஒன்று கொடுக்கிறேன் என்றேன். அவள் சம்மதிக்கவில்லை.

"ஊசின்னா மூணு தெருவு ஓடுவ, ஒனக்கு எதுக்குண்ணே இந்த வேல?"

"ரெண்டு இருக்குல்ல."

"செருப்பு கூடத்தான் ரெண்டு இருக்கு, ஒண்ணக் குடுத்துட்டு நடப்பியா?"

அவள் மகள்தான் அழுது சம்மதிக்க வைத்தாள். கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் பொருந்துகிறது என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நாள் குறிப்பதாகச் சொன்னார்கள்.

அங்கேதான் டாக்டர் வித்யாவைப் பார்த்தேன். சின்ன வயது, நம்ம பெண், கிட்னி வியாதி பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். எங்கள் தோட்டத்தின் பெயரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதே தோட்டத்து ஆட்கள் நிறையப் பேரை அவர் ரத்தம் கழுவுகிற இடங்களில் பார்த்திருக்கிறாராம்.

"ஒரே தோட்டத்துல இத்தன பேருக்கு எப்படி அங்கிள்? சர்க்கரையும் இல்ல. தண்ணியா, புல்லுக்கு அடிச்ச மருந்தா, வெயிலா, எனக்குத் தெரியணும். நீங்களும் அதே தண்ணிதான குடிச்சீங்க, ஒங்க கிட்னி மட்டும் ஏன் கண்ணாடி மாதிரி இருக்கு?"

எனக்கு என்ன தெரியும். கிணறு இருக்கிற இடம் தெரியும், அதைச் சொன்னேன். வந்து காட்ட முடியுமா என்றார். சரி என்று தலையாட்டினேன்.

தோட்டத்துக்குப் போன நாள் சரசுக்கு ரத்தம் கழுவுகிற நாள். அவளை வேனில் ஏற்றிவிட்டு டாக்டரின் சின்னக் காரில் ஏறினேன். அங்கே நாங்கள் குடியிருந்த லயங்களை எல்லாம் இடித்துவிட்டார்கள். புதிதாக நட்ட செம்பனை தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. கிணறு மட்டும் தகரம் போட்டு மூடிக் கிடந்தது. மருந்து அடிக்கிற பெண்கள் முதுகில் சுமக்கிற தோம்புகளை அங்கேதான் கழுவுவார்கள். சரசுவும் அந்தக் கூட்டத்தில் இருந்தவள்தான். கிணற்றுக்குப் பக்கத்தில் பெரட்டுக் களம், இப்போது வெடித்துப் போன ஒரு சிமெண்டுத் தரை.

பெரட்டு என்றால் இப்போது உள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். விடியுமுன் எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். மண்டோர், அதாவது எங்களை வேலை வாங்குகிற கங்காணி, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார், "இருக்கேங்கய்யா" என்று சொல்ல வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வரவில்லை என்றால் அன்றைக்குப் பெயர் போயிற்று, கூலியும் போயிற்று. காய்ச்சலில் கிடக்கிறவர்களுக்கு வீட்டு ஆள் யாராவது "அவளுக்குப் பதில் நான் நிக்கிறேங்கய்யா" என்று சொல்லி அவள் வேலையையும் சேர்த்துச் செய்யலாம். சரசுக்காக நான் அப்படி எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன். புதிதாக யாராவது வேலைக்கு வந்தால் அதையும் பெரட்டில்தான் சொல்ல வேண்டும், பக்கத்தில் நிற்கிறவன் கையைக் காட்டிச் சொல்லுவான், மண்டோர் ஒரு பார்வை பார்த்துச் சேர்த்துக்கொள்வார். எங்கள் மண்டோர் கருப்பையா. செத்து வெகு காலம் ஆகிறது. அவர் பிணத்தைத் தூக்கினவர்களில் நானும் ஒருவன்.

டாக்டர் தகரத்தை நகர்த்திவிட்டுக் கிணற்றடியில் குனிந்து வாளியில் தண்ணீர் மொண்டு பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தார். வாளி சரிந்து காலெல்லாம் நனைந்துவிட்டது. வார் வைத்த செருப்பு போட்டிருந்தார். "ஜில்லுன்னு இருக்கு அங்கிள்" என்று சிரித்தார். நான் களத்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கே நிற்கிறேன் என்று அப்போது யோசிக்கவில்லை, பிறகு நினைத்துப் பார்த்தால் நான் எப்போதும் நிற்கிற இடத்தில்தான் நின்றிருக்கிறேன்.

முதலில் பூச்சிச் சத்தம் நின்றது. செம்பனைக் காட்டில் அது நிற்கவே நிற்காது, தெரிந்தவர்களுக்குத் தெரியும். அப்புறம் அந்தக் குரல். கொஞ்சம் கமறலோடு, வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு கூப்பிடுகிற அதே குரல்.

"கன்னியம்மா."

செம்பனை வரிசைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "இருக்கேங்கய்யா."

"பொன்னுசாமி."

"இருக்கேங்கய்யா."

"ராக்காயி."

"இருக்கேங்கய்யா."

திரும்பிப் பார்க்கவில்லை. பெரட்டில் நிற்கும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம், அந்தப் பழக்கம். பயம் என்று சொல்ல முடியாது, பயம் பிறகுதான் வந்தது. அந்த நேரத்தில் எனக்கு ஏதோ வேலைக்குப் பிந்தி வந்துவிட்டது போல ஒரு பதற்றம், அவ்வளவுதான். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை எழவில்லை. பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன, ஒவ்வொன்றுக்கும் பதில் வந்துகொண்டே இருந்தது. அத்தனை பேரும் ரத்தம் கழுவிக் கழுவிச் செத்தவர்கள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"சரசு."

பதில் இல்லை.

"சரசு."

கொஞ்சம் கோபம் ஏறியிருந்தது. மூன்றாவது தடவை கூப்பிட அவர் மூச்சு இழுக்கிறது கேட்டது. என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "சரசுக்குப் பதில் நான் நிக்கிறேங்கய்யா."

அதற்கு மேல் எனக்கு நினைவில்லை. பூச்சிச் சத்தம் திரும்ப வந்தது. டாக்டர் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, என்ன அங்கிள் போலாமா என்றார்.

காரில் வரும்போது அவர்தான் ஆரம்பித்தார்.

"யார்கிட்ட பேசுனீங்க?"

"நான் ஒண்ணும் பேசலீங்களே."

"பேசுனீங்க லா. ரெண்டு தடவ. மொதல்ல ஒங்க தங்கச்சி பேரச் சொல்லி என்னமோ சொன்னீங்க. அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா நின்னீங்க. அப்புறம் என்னையக் கையக் காட்டி, 'புது ஆள் ஒண்ணு வந்திருக்குங்கய்யா, கெணத்தடியில நிக்குது'ன்னு சொன்னீங்க. என்னையும் வேலைக்குச் சேத்துட்டீங்களா? சம்பளம் நல்லாக் குடுப்பாங்களா?"

அவர் சிரித்தார்.

"பேரு கூடச் சொன்னீங்க. மயிலுன்னு." சொல்லும்போது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "எங்க வீட்ல மட்டும் கூப்பிடுற பேரு அங்கிள் அது. ஆஸ்பத்திரில ஒருத்தருக்கும் தெரியாது. ஒங்களுக்கு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்றேன். அவர் ரேடியோவைப் போட்டார்.

கடைசிப் பரிசோதனைக்குப் போனேன். முடிவைப் பார்த்துவிட்டு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் இன்னொரு தடவை எடுத்தார்கள். டாக்டர் வித்யாதான் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் இரண்டு கிட்னியும் வேகமாகக் கெட்டுக்கொண்டு வருகிறது, கொடுக்க முடியாது என்றார். "போன தடவ நானே பாத்தேன் அங்கிள், எவ்ளோ நல்லா இருந்துச்சு. எப்படின்னு எங்க யாருக்கும் புரியல." அவர் கண் கலங்கியிருந்தது. நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது, என் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன்.

சரசு ஒரு வாரம் என் முகத்தையே பார்க்கவில்லை. அவளுக்குப் போச்சே என்று இல்லை, எனக்கு வந்துவிட்டதே என்று. அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. காத்திருப்பவர்கள் வரிசையில் அவள் பெயர் இருந்ததே தவிர, அதில் முறை வரும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. மோட்டார் விபத்தில் போன ஒருவரின் குடும்பம் தானம் செய்தது, கூப்பிட்டார்கள், பொருத்தினார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். மத்தியானம் தூங்குகிறாள், குழம்பில் உப்பு இல்லை என்று சண்டை போடுகிறாள். கால் வீக்கம் வடிந்துவிட்டது. மகள் படிப்பு முடிய இன்னும் கொஞ்ச காலம்தான்.

நான் ஒன்று கொடுக்கலாம் என்று போனேன், இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். வருத்தமில்லை, சத்தியமாக இல்லை. பதில் நிற்கிறவன் வேலையைச் செய்துதானே ஆக வேண்டும். இப்போது அதே வேனில் நான் சிரம்பானுக்குப் போகிறேன், சரசு படுத்திருந்த அதே நாற்காலிதான் எனக்கும் வாய்த்தது. களத்தில் நடந்ததை அவளிடம் இதுவரை சொல்லவில்லை.

கிணற்றுத் தண்ணீரில் கெடுதல் ஒன்றும் இல்லையாம், மண்ணிலும் இல்லையாம். டாக்டர் வித்யா அதைச் சொல்லத்தான் ரத்தம் கழுவுகிற இடத்துக்கு வந்திருந்தார். இன்னும் விடப்போவதில்லை, வேறு தோட்டங்களையும் பார்க்கப் போகிறேன் என்று உற்சாகமாகப் பேசிக்கொண்டே என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேச்சுவாக்கில் செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

வார் இருந்த இடம் பள்ளமாக நின்றது.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். "நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கோம்ல அங்கிள், அதான்" என்றார்.

அதே வார்த்தை. என் கையில் ஊசி குத்தியிருந்தது, எழுந்திருக்க முடியாது. "ஒரு தடவ ரத்தம் பாத்துருங்கம்மா" என்றேன். அவ்வளவு நீளமாக நானாகவே அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. டாக்டருக்கே வைத்தியமா என்று சிரித்துவிட்டு, இன்னும் வெகு நேரம் உட்கார்ந்து பேசினார். நான் எதையும் கேட்கவில்லை, அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு அவர் எழுந்து போகிற வரைக்கும் அது நிரம்பவே இல்லை.

மறுநாள் தெரிந்தவர் ஒருவரின் காரில் தோட்டத்துக்குப் போனேன். என்னவென்று சொல்லவில்லை, மூலிகை பறிக்க வேண்டும் என்றேன். அதே வெயில், அதே இடத்தில் நின்றேன். யாராவது கூப்பிட்டால், அந்தப் புள்ள பேரை எடுத்துடுங்கய்யா, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்ல மனதில் சொல்லிச் சொல்லி வைத்திருந்தேன். டாக்டருக்குப் பதில் நிற்கிறேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை, என்னிடம் கொடுக்க இனி என்ன இருக்கிறது. வெகு நேரம் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. பூச்சிகள் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தன. எல்லாரும் அவரவர் வேலைக்குப் போன பிறகு களம் எப்படிக் கிடக்குமோ அப்படிக் கிடந்தது.

இந்த வாரம் ரத்தம் கழுவுகிற இடத்துக்கு வேறொரு டாக்டர் வந்தார். டாக்டர் வித்யா நீண்ட லீவில் இருக்கிறார் என்று தாதியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னார். எதற்கு லீவு என்று கேட்க வாயைத் திறந்தேன், அந்தக் கால் பள்ளம் கண்ணில் வந்து நின்றது, மூடிக்கொண்டேன். அவர் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.