மோர் ஊற்றும் கை

தொடக்கத்தில் நாங்கள் அச்சிட்ட சித்திர அட்டைகளைச் சீமைச் சரக்கு என்றே பலர் நினைத்தார்கள். அவை திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், எங்கள் கல்லச்சுக் கூடத்தில் உருவானவை. அச்சுப்பொறியை ஓட்டியவன் நான்.

சுருட்டு வியாபாரி ஒருவர், கட்டுக்கு ஓர் அட்டை வைத்து விற்க நினைத்தார். ஆற்றங்கரைக் காட்சிகள் வரிசையாக வந்தால் பையன்கள் சேர்த்து வைப்பார்கள் என்பது அவர் எண்ணம். பம்பாயில் அச்சடிக்க இருந்தவரை எங்கள் முதலாளி பேசி நிறுத்தினார். ஊர்ப் பேர் மட்டும் போடக்கூடாது என்றார் வியாபாரி. "இங்கன அடிச்சதுன்னா எவன் மதிப்பான்?"

எங்கள் சித்திரக்காரர் கொழுப்பு மையால் கல்லில் வரைவார். கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால் வரைந்த கோடு மட்டும் மையைப் பிடிக்கும். முதலில் கோட்டுக்கு ஒரு கல். பிறகு நிறத்துக்கு ஒரு கல். தாளில் எல்லாம் இடவலம் மாறி விழும் என்பதால் எழுத்தைத் திருப்பியே எழுதுவார். படத்தைத் திருப்புவதில்லை. அதுவரை பூவும் பறவையுமே போட்டிருந்தோம். அவை எந்தப் பக்கம் பார்த்தால் என்ன?

முதல் படம் தண்ணீர்ப் பந்தல். கோடு மட்டும் விழுந்த மாதிரித் தாளை வியாபாரி பார்த்தார்.

"என்ன வே, இடது கையால மோர் ஊத்துதாளே. எவன் குடிப்பான்?"

"கல்லுல வலது கைதான் அண்ணாச்சி" என்றார் சித்திரக்காரர்.

"அப்போ கட்டுக்கு ஒரு கல்லு வச்சு விப்போமா?"

நாளை சாயங்காலம் வருவதாகவும், சரியாக இல்லாவிட்டால் வேலை பம்பாய்க்குத்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கையை மட்டும் மாற்றினால் உடம்பு கோணும். முழுதும் வரைய நேரமில்லை. நான் ஒரு வழி சொன்னேன். மை காயாத அச்சுத் தாளின்மேல் பசை பூசிய தாளை வைத்து அழுத்தினோம். படம் இன்னொரு தரம் திரும்பியது. அந்தத் தாளை வேறு கல்லில் வைத்து அழுத்தி, மையை இறக்கினோம். மை தடித்து, மோர் ஊற்றுபவளின் முகம் அப்பிவிட்டது. மையைக் குறைத்து மறுபடியும் செய்தோம். விட்டுப்போன கோடுகளைச் சித்திரக்காரர் மூச்சடக்கிச் சேர்த்தார்.

மறுநாள் வியாபாரி புதுத் தாளை ஜன்னலடியில் பிடித்தார். தன் வலது கையையும் மோர் ஊற்றுவதுபோல் தூக்கிச் சரிபார்த்தார்.

"நேத்து வரைஞ்ச அதே படமா வே?"

"அதேதான் அண்ணாச்சி."

படத்தின் அடியோரத்தில் விரலை வைத்தார். பிறகு, "அடியில இடம் கிடக்கே. ஊர்ப் பேரைப் போடும்" என்றார்.

எல்லா நிறமும் ஏறி, வெட்டிய முதல் அட்டை என் கைக்கு வந்தது. மோரைப் பார்க்கவில்லை. 'திருநெல்வேலி' என்ற எழுத்தைத்தான் முதலில் பார்த்தேன்.