என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பேய்

பேய் அழுது கூப்பிட்டும் அசையாமல் இருந்த ஆள் இத்தாலியின் இந்தப் பலெர்மோ நகரத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அது நான். அல்பெர்கேரியாவில், சந்தைக்குப் பின்னால் இருக்கிற ஒழுங்கையில் என் கடை. பெருந்தெருவான வியா மக்வேதாவில் நின்று கேட்டாலும் வழி சொல்லுவார்கள். மிளகாய்த்தூள் வாங்க வந்தவர்களில் இந்தக் கதையைக் கேட்காமல் திரும்பியவர்கள் குறைவு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், வந்த புதிதில் சிஞ்ஞோராக்கள் என்கிற இத்தாலிய அம்மாமாரின் வீட்டுத் தரை துடைத்தவன், இன்றைக்குச் சொந்தக் கடையும் சீசா என்கிற பகுதியில் சொந்த வீடுமாக நிமிர்ந்து நிற்கிறேன் என்றால், அதில் அந்தப் பேய்க்கும் பங்கு உண்டு. ஆனால் கதையின் கடைசித் துண்டு போன சித்திரையில்தான் எனக்குக் கிடைத்தது. அதுவும் இங்கிலாந்தில், ஒரு காட்டுக்குள் வைத்து.

என் மகள் இங்கே பிறந்து வளர்ந்தவள். பிள்ளையின் படிப்புக்கென்று குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். நான் பார்க்கப் போனபோது, ஒரு நாள் காலையில் காரை வெளியே எடுத்துவிட்டு வந்து சொன்னாள்:

"லண்டன் பாத்தது காணும் அப்பா. இண்டைக்குக் காடு பாக்கப் போவம்."

"வன்னிக் காட்டைப் பாத்தவனுக்கு நீ காடு காட்டப் போறியோ?"

"அஸ்பேத்தா, பொறுங்கோ அப்பா. முதல்லை இந்தச் சப்பாத்தைப் போடுங்கோ. அங்கை சேறு. சறுக்கி விழுவியள்."

"நான் விழுந்தா நிலத்துக்குத்தான் நோகும்."

சொன்னாலும் சப்பாத்தை வாங்கிப் போட்டுக்கொண்டேன். பேரனும் காரில் ஏறிக்கொண்டான். போன பாதை முழுவதும் பச்சை. மழையில் கழுவி வைத்த மாதிரி வயல்கள், குட்டிகளோடு செம்மறிகள், வேலிக்குப் பதிலாகக் குட்டை மரங்கள். காரை நிறுத்திய இடத்தில், இந்தப் பக்கம் நடக்கலாம் என்று விரல் நீட்டிக்கொண்டு ஒரு மரப்பலகை நின்றது. யாரோ ஒரு கமக்காரனுடைய நிலத்துக்கு நடுவே, யாரிடமும் கேட்காமல், ஒரு சின்னப் படலையைத் திறந்து நடந்தோம். திரும்பிச் சாத்திவிட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊரில் இதற்கு வெட்டுக்குத்து நடந்திருக்கும்.

காட்டுக்குள் கால் வைத்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். அப்படி ஓர் அமைதி. வீட்டில் எல்லோரும் மத்தியானம் படுத்திருக்கும்போது வருமே, அந்த அமைதி. தலைக்கு மேலே இளந்தளிர், கீழே கண்ணுக்கு எட்டிய தூரம் நீலப் பூ. முள் இல்லை, பாம்பு இல்லை, யானை லத்தி இல்லை. வலிக்காத காடு என்று மனதுக்குள் பெயர் வைத்தேன். எதிரே வந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். எங்களைக் கடந்து போனதும், பற்றைக்குள் ஓடிய தன் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

எனக்கு உடம்பு கூசிப்போய்விட்டது. காட்டுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதா?

அது ஏன் என்று விளங்க, எனக்கு எட்டோ ஒன்பதோ வயதில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது கல்யாணம் கட்டாத இளந்தாரி. காட்டில் பாலைப்பழம் பழுக்கிற காலத்தில், ஒரு வண்டிக்காரரோடு பழம் பொறுக்க வன்னிக்கு வெளிக்கிட்டார். நானும் வருவேன் என்று முற்றத்தில் புரண்டு அழுதேன். அம்மாவுக்கு விருப்பமே இல்லை. கடைசியில் படலையைப் பிடித்துக்கொண்டு மாமாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "கொண்டுபோற மாதிரியே கொண்டு வரோணும்."

காட்டு வாசலில் வண்டி நின்றது. வண்டிக்காரர் இறங்கி, ஒரு குழையை முறித்து மரக்கிளையில் பிள்ளையாருக்கென்று தொங்கவிட்டார். மாமா என் முன்னால் குந்தி இருந்து சட்டதிட்டம் சொன்னார். யானையை யானை என்று சொல்லக்கூடாது, பெரியவர் என்று சொல்ல வேண்டும். அதைவிடப் பெரியது அடுத்தது.

"காட்டுக்கை ஒருத்தரும் உன்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடமாட்டினம். மனிசர் எண்டால் கூ எண்டுதான் சத்தம் குடுப்பினம். பேர் சொல்லிக் கூப்பிட்டா அது பேய். விளங்கிச்சுதோ?"

"ஓம் மாமா."

"அப்ப என்ன செய்வாய்?"

"வாய் திறக்கமாட்டன்."

"திறக்காட்டிப் பழம் எப்பிடித் தின்னுறது தம்பி?" என்று வண்டிக்காரர் சிரித்தார்.

பாலைப்பழம் தின்றவர்களுக்குத் தெரியும், அதன் பால் உதட்டை ஒட்டவைத்துவிடும். ஆனாலும் கை நிற்காது. ஒரு மரத்தின் கீழ் உதிர்ந்ததைப் பொறுக்கித் தின்றேன். அடுத்த மரத்தில் இன்னும் மஞ்சளாக இருந்தது. அதற்கடுத்ததில் குரங்குகள் எனக்கென்றே உலுப்பிவிட்டிருந்தன. நிமிர்ந்து பார்த்தபோது வண்டியைக் காணவில்லை, மாடுகளின் மணிச் சத்தமும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரம். வெயில் மரங்களின் இடுப்புக்கு இறங்கிவிட்டிருந்தது. அந்தி பட்டால் பெரியவர்கள் தண்ணீருக்கு வருவார்கள் என்று வண்டிக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது.

அப்போதுதான் அது கூப்பிட்டது. என் பெயரைச் சொல்லி.

பள்ளிக்கூடப் பெயரைச் சொல்லி அல்ல. வீட்டில் மட்டும் கூப்பிடுகிற செல்லப் பெயர். அது பேய்க்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். பேய்க்கு எல்லாம் தெரியும் என்று நானே முடிவும் செய்துகொண்டேன். பக்கத்தில் ஒரு பெரிய மருதமரம், அடியில் பொந்து. உள்ளே புகுந்து முழங்காலைக் கட்டிக்கொண்டேன். குரல் கிட்ட வந்தது. முதலில் கத்தியது. பிறகு கெஞ்சியது. பிறகு உடைந்து, மனிதர் தொண்டையில் வராத ஒரு சத்தமாக, அழுதுகொண்டே கூப்பிட்டது. பொந்துக்கு வெளியே சருகு நொறுங்கியது. நான் கண்ணையும் பொத்தி, காதையும் பொத்தி, ஒட்டியிருந்த உதட்டை இன்னும் இறுக்கி ஒட்டிக்கொண்டேன். அது என்னைக் கடந்து போனது.

இருட்டுக் கட்டுகிற நேரத்தில், தூரத்தில் "கூ" என்று ஒரு சத்தம். வண்டிக்காரருடையது. மனிதச் சத்தம். நான் பொந்துக்கு வெளியே தலையை நீட்டி, உள்ள மூச்சையெல்லாம் சேர்த்து "கூ" என்றேன்.

மாமாதான் முதலில் ஓடிவந்தார். அவருடைய சட்டையை முள் கிழித்திருந்தது. அடி விழும் என்று தலையைக் குனிந்தேன். விழவில்லை. அவர் கட்டிப் பிடித்த பிடியில் எனக்கு மூச்சு முட்டியது. எனக்கோ கதை சொல்லுகிற அவசரம்.

"மாமா, பேய் வந்து என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. அழுது அழுது கூப்பிட்டது. நான் அசையேல்லை."

"தம்பி, அது..." என்று வண்டிக்காரர் தொடங்கினார். மாமா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் மாடு பூட்டப் போய்விட்டார்.

"கெட்டிக்காரன்," என்றார் மாமா. சத்தம் வரவில்லை, காற்று மட்டும் வந்தது. தொண்டைக்கு என்ன என்று கேட்டேன். "பாலைப்பழம் கனக்கத் திண்டிட்டன். கட்டிப் போச்சு."

அந்தக் கதை என் சொத்தாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சொன்னேன், கோயில் வீதியில் சொன்னேன். நம்பாதவர்களை மாமாவிடம் கூட்டிக்கொண்டு போவேன். அவர் செய்கிற வேலையை நிறுத்தி, "ஓம், பேய்க்கே மசியாதவன் இவன்" என்று சாட்சி சொல்லுவார். ஒரு நாளும் சிரித்தது இல்லை. பின்னாளில், களவாக ஐரோப்பாவுக்கு வந்த வழியில், பெயர் தெரியாத ஒரு நாட்டின் பனிக்காட்டில் ஏஜென்ட் எங்களை விட்டுவிட்டுப் போனபோது, படித்தவர்கள் எல்லாம் குந்தி இருந்து அழுதார்கள். பேயையே ஏய்த்தவன் நான் என்று சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தவன் நான். பின்னால் அவர்கள் வந்தார்கள். அந்த நடையில் வந்ததுதான் இந்தக் கடையும் வீடும்.

சரி, இங்கிலாந்துக் காட்டுக்குத் திரும்புவோம். மகளும் பேரனும் ஒரு மரங்கொத்தியைத் தேடி அண்ணாந்துகொண்டு நின்றார்கள். எனக்கு மூக்கில் உள்ளி மணம், வெள்ளைப்பூண்டு மணம், அடித்தது. கடைக்காரன் மூக்கு பொய் சொல்லாது. மணத்தைப் பிடித்துக்கொண்டு பாதையை விட்டு இறங்கினேன். ஒரு சரிவு முழுவதும் அகல இலையும் வெள்ளைப் பூவுமாக, கடவுள் விதைத்த உள்ளிக் கீரை. ஒரு இலையைக் கசக்கிப் பார்த்தேன், சாட்சாத் உள்ளி. தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்த கணத்திலேயே கை ஆயத் தொடங்கிவிட்டது. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். மேற்சட்டைப் பை இரண்டும் நிறைந்து நிமிர்ந்தபோது பாதையைக் காணவில்லை. கைத்தொலைபேசி காரில் கிடந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நீலப் பூ. இதய வருத்தக்காரன் தனியே போகக்கூடாது என்று மகள் சொல்லியிருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தூரத்தில் ஒரு குரல். "அப்பா."

அறிவு சொன்னது, மகள் என்று. உடம்பு கேட்கவில்லை. அந்தக் குரலில் என் மகள் ஒரு நாளும் கதைத்தது இல்லை. உடைந்து, கீறலாக, கெஞ்சிக்கொண்டு வந்தது. இவ்வளவு வயதான மனிதன், ஒரு கடைக்குச் சொந்தக்காரன், ஒரு மரத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு உதட்டை இறுக்கி மூடி நின்றேன். அது திரும்பத் திரும்பக் கூப்பிட்டது.

பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. அதன்பின் ஒரு சின்னத் தொண்டையில் இருந்து, "கூ."

நானும் "கூ" என்றேன்.

பற்றையை விலக்கிக்கொண்டு பேரன் வந்தான். தாத்தாவை அவன் இத்தாலியனில் நொன்னோ என்பான். "நான் சொன்னனான்தானே அம்மா, நொன்னோ கூ எண்டாத்தான் வருவார்." கதையை நூறு தரம் கேட்டவன் அல்லவா. பின்னால் மகள். கன்னத்தில் கொப்பு கீறியிருந்தது. ஏசுவதற்கு வாய் திறந்தாள், காற்றுத்தான் வந்தது.

"எவ்வளவு... நேரம்... கூப்பிட்டனான் அப்பா."

பை நிறைய உள்ளி இலையோடு நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அந்தச் சத்தமில்லாத குரலை எனக்குத் தெரியும். அடிக்கடி சொல்லுகிற கதையைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்கு அது தானாகப் பிரிந்தது. காட்டு வாசலில் அவ்வளவு சட்டம் சொன்ன மனிதர், அக்காவின் பிள்ளையைக் காணவில்லை என்றதும் தன் சட்டத்தைத் தானே மறந்து, தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். அதை ஒரு நாளும் சொல்லாமல், பேயை எனக்கே தந்துவிட்டுப் போயிருக்கிறார். மாமா இப்போது இல்லை. இருந்தால் விமானமேறிப் போய்க் காலில் விழுந்திருப்பேன்.

காருக்குத் திரும்பும்போது பேரன், தானே என்னைக் கண்டுபிடித்ததாக வழியெல்லாம் அளந்துகொண்டு வந்தான். "ஓம், நீதான்" என்று நானும் சாட்சி சொன்னேன்.

கடையில் நான் ஒரு நாளும் சொல்லாத துண்டு ஒன்று இருக்கிறது. சொல்லத் தேவையில்லாத சின்ன விஷயம் என்று நினைத்திருந்தேன். அன்று காட்டை விட்டு வண்டி வெளியேறும்போது, மாமாவின் மடியில் இருந்தபடி கேட்டேன்.

"பேய் ஏன் மாமா அழுதது?"

மாமா என்னைத் தன்னோடு சேர்த்துப் பிடித்தார். பிறகு அந்தக் காற்றுக் குரலில், "பசியாக்கும்" என்றார்.

எனக்குப் பாவமாக இருந்தது. பையில் இருந்த பாலைப்பழத்தில் ஒரு பிடி அள்ளி, அது அங்கே தனியே நிற்கிறது என்று நினைத்து, பின்னால் இருட்டிக் கிடந்த காட்டுப் பக்கம் எறிந்தேன். பேயோ, என் இடுப்பைச் சுற்றிப் பிடித்த கையை வீடு வரும்வரை எடுக்காமல், என்னோடு வண்டியில் வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.