சிவசம்பு ஐயாவின் கடல்நிறக் குசினி

வீட்டுக்காரர் "வெள்ளை அடி" என்றால் பெயின்ற்காரனுக்கு அது வேலை. "என்ர மனசில ஒரு நிறம் கிடக்கு" என்றால் அது விதி. தூரிகை பிடித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். சண்டை ஓய்ந்து, கடைகளில் திரும்பவும் கலர் கலராகப் பெயின்ற் ரின்கள் வரத் தொடங்கியிருந்த காலம். கிண்ணியாவிலிருந்து தண்ணீரைக் கடக்கிற பாதைப் படகேறி வந்து, துறைமுகத்துக்கு மேலே இருக்கிற ஓர்ஸ் ஹில்லில் அப்படியொரு மனுசரிடம் நான் அகப்பட்டேன்.

மனசில கிடந்த நிறம்

சிவசம்பு ஐயா துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் படகில் எஞ்சின் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி இறந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. அடுப்புப் புகை படிந்த குசினிக்கு நீலம் வேண்டுமென்றார். கலந்து காட்டினேன், தலையை ஆட்டினார். இன்னொன்று, அதுவும் இல்லை. கடைசியில் என் கையைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிப்போனார். கீழே உள்துறைமுகம் காலை வெயிலில் அசையாமல் கிடந்தது. இரண்டு பேரும் வந்த வேலையை மறந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு நீலத்தில் கொஞ்சம் பச்சை, ஒரு சொட்டு மஞ்சள் விட்டுச் சுவரில் இழுத்தேன். ஐயா கிட்டப்போய் உற்றுப் பார்த்தார்.

"இதுக்குள்ள மீன் ஓடும், தம்பி."

வேலிக்கு அந்தப் பக்கம்

நிலத்தில் கிடந்த அடுப்பை, நின்று சமைக்கிற உயரத்துக்கு மேசன் எழுப்பிக் கட்டினார். துறைமுகத்தைப் பார்க்கிற சுவரை வெட்டிப் பெரிய யன்னல் வைத்தார்கள். அலுமாரிக் கதவுகளுக்கு மாம்பழ மஞ்சள், யன்னல் சட்டத்துக்குப் பழுத்த பப்பாசிச் சிவப்பு. வெயில் உள்ளே விழுந்தால் என் சேட்டிலும் நிறம் ஆடும். பக்கத்து வீட்டு லீலா அக்கா வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு என்னைத்தான் கேட்டா:

"மனிசியின்ர ஆட்டைத் திவசம் முடியேல்லை, இவருக்கென்ன கலியாணமோ?"

தேத்தண்ணிக் கடை

அன்றைக்குத் தேத்தண்ணிக் கடையில் வைத்து, ஏன் இந்தக் குசினி வேலையென்று ஐயாவிடம் நானும் கேட்டுவிட்டேன். கொழும்பிலிருக்கிற மகள் வசந்தி தன்னைக் கூட்டிக்கொண்டுபோக வாறாள் என்றார். வீட்டைப் பூட்டிப்போட்டு அவளோடு போய் இருக்க வேணுமாம். தனியச் சமைத்துச் சாப்பிட அப்பாவால் ஏலாது என்பது அவளுடைய கதை. ஒருவகையில் அது சரிதான். மனைவி போனபிறகு மூன்று வேளையும் அவருக்குக் கடைச் சாப்பாடுதான்.

"என்ர மனிசி காலம் முழுக்கக் குனிஞ்சு நிண்ட இருட்டு, தம்பி. அதுக்குள்ள எனக்கு நிக்க ஏலாது. சமைக்கத் தெரியாமலில்லை."

வசந்தி வந்த நாள்

யன்னலடியில் கடைசிப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தேன். வசந்தி பையை இறக்காமலே குசினி வாசலில் நின்றாள். சுவரையும் யன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். அதுவரை அழகாகத் தெரிந்த நிறங்கள் எனக்கே ஐஸ்கிறீம் கடை மாதிரித் தெரியத் தொடங்கின. ஐயா திரும்பிப் பார்க்காமல் பாரை மீனைப் பொரித்துக்கொண்டிருந்தார். பொரிந்த துண்டையே திரும்பத் திரும்பப் புரட்டினார்.

சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் மீனும் போட்டு மகளிடம் நீட்டினார். அவள் யன்னலடியில் நின்றபடியே சாப்பிட்டாள். வெளியே ஒரு வள்ளம் மெதுவாகப் போனது. சுவர் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெளிச்சம்.

"அம்மா கண்டிருந்தா ஏசியிருப்பா" என்றாள்.

"ஓம். ஏசிப்போட்டு உந்த யன்னலடியிலதான் நிண்டிருப்பா."

வசந்தி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். கூட்டிப்போகிற கதையை அவள் பிறகு எடுக்கவேயில்லை. அடுத்த நாள் தனியாகத்தான் ரெயில் ஏறினாள். புறப்படும்போது, நாங்கள் முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி 'நானா' என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"நானா, ஒருக்காக் கொழும்புக்கு வாங்கோ. என்ர குசினியும் இருட்டுத்தான்."

அடுத்தவர் வீட்டுக் குசினிகளுக்குள் கடலைக் கொண்டுவந்து விட்டுத் திரிந்த எனக்கு, இன்னும் என் தூரிகை படாத, கரி பிடித்த எங்கள் குசினியிலிருந்து பொஞ்சாதி தரும் தேத்தண்ணியைப் பேசாமல் குடிக்கத்தான் இந்தத் தொழில் கடைசியில் பழக்கிவிட்டிருக்கிறது.