கல்லுப் பஞ்சும் என்ர வாளித் தண்ணியும்

அன்றைக்கு வெள்ளவத்தையில எங்கட மேல்வீட்டில நின்றது மூன்று பேர்: நான், என்ர அவர், தகரக் கூரைக்குக் கீழே வெக்கை தடுக்கிற பஞ்சு வைக்க வந்த வேலைக்காரர், எங்கட பேச்சில பாஸ். பாஸ் கம்பி வெல்டிங் பண்ணேக்க பொறி பறந்து அந்தப் பஞ்சில விழுந்தது.

"ஐயோ, பத்தப்போகுது!" என்று கத்திக்கொண்டு தண்ணி வாளியைத் தூக்கினன்.

என்ர அவர் கையை இறுக்கிப் பிடிச்சார். "உனக்கு விசரே? மெஷினில கரன்ட் ஓடுது. ஊத்தினா மூன்று பேரும் முடிஞ்சம்!"

பாஸ் சிரிச்சார். "பயப்பிடாதீங்க அக்கா. இது கல்லை உருக்கி, சீனியில தும்பு மிட்டாய் சுத்திற மாதிரிச் சுத்தி எடுத்த நூல். கல்லுப் பத்துமா?"

பார்த்தால் பஞ்சில ஒரு கறுப்புப் புள்ளி மட்டும்தான்! எட்டாம் வகுப்போட நின்ற எனக்கு அது பெரிய அதிசயம். இப்ப மத்தியானத்திலயும் அறை குளிர்மை, தகரத்தில மழை அடிக்கிற சத்தமும் குறைவு. நெருப்புப் பயம் வந்தால் நான் முதலில் தேடுறது வாளியை இல்லை, கரன்டை நிப்பாட்ட மெயின் சுவிச்சை.