மூன்று துளி பெட்ரோல்

ஊரிலிருந்து வரும் அம்மாவை அழைத்துப்போக லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் காரை விட்டு இறங்கியதும் மண்ணெண்ணெய் மணம். விமான எரிபொருள்தான்; மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள், நான் மூச்சை ஆழ இழுத்தேன். இயந்திரங்கள் வந்து அமெரிக்காவில் வேலையும் விவசாயமும் பயணமும் எப்படி மாறின என்று லூயிஷாம் வீட்டிலிருந்து வழியெல்லாம் பள்ளிப் பாடம் ஒப்பித்துக்கொண்டு வந்தவள் அவள். எங்களுக்கு அந்தப் பாடம் தலைகீழாக நடந்தது.

யுத்தகால யாழ்ப்பாணத்தில் ரயில் நின்று, தண்டவாளமும் போய், பெட்ரோல் மருந்துபோல அருமையாகிவிட்ட அந்த நாட்களில், வெங்காயத் தோட்டத்து இறைப்பு மெசினை அம்மாவும் அப்பாவும் சேர்ந்துதான் எழுப்புவார்கள். அப்பா கயிற்றைச் சுற்றிப் பிடித்து நிற்க, அம்மா கண்மருந்துப் போத்தலால் மூன்று துளி பெட்ரோல் விட, மெசின் இருமி, உறுமி, பிறகு மண்ணெண்ணெயில் சீராக ஓட, வாய்க்காலில் தண்ணீர் சலசலக்க, புகைக்குள்ளே இருவரும் சிரிப்பது தெரியும். அப்பாவுக்குத் தாராளக் கை. ஒரு கிழமைப் பெட்ரோலை ஒரே நாளில் ஊற்றிவிடுவார் என்று அம்மா அந்தப் போத்தலை அவரிடம் கொடுத்ததே இல்லை.

இடம்பெயர்ந்தபோது மெசின் போனது, பிறகு தோட்டம் போனது, போன வருடம் அப்பாவும் போய்விட்டார்.

சக்கர நாற்காலியில் வெளியே வந்த அம்மா, கார் தரிப்பிடத்தில் சட்டென்று தலையை நிமிர்த்தி, அப்பாவைத் தேடுவதுபோல் திரும்பினார்.

"கொப்பர் பக்கத்தில நிக்கிற மாதிரிக் கிடக்கு, பிள்ளை."

அவர் மடியில் பெருவிரலும் சுட்டுவிரலும் காற்றை மெல்ல அழுத்தின, மூன்றே மூன்று தரம்.