சும்மா ஊற்றிய சால்னா

அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்தில் திருச்சுழி பஸ்ஸுக்காக நிற்கிறேன். பக்கத்தில் குடை விரித்து, மேசை போட்டு, ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு ஆள் பிடிக்கிறார்கள். அவர்களுடைய விடுதியில் இரண்டு நாள் தங்கினால் குடும்பத்துக்கே சாப்பாடு இலவசமாம். துபாயிலிருந்து விடுப்பில் வந்த, பக்கத்து ஊரான வீரசோழன்காரர் ஒருவர் முன்பணம் கட்டப் பர்ஸைத் திறக்கிறார்.

"தம்பி, பொறுங்க" என்று சொல்லிவிட்டு, மேசைக்குப் பின்னாலிருக்கும் பெண்ணிடம் கேட்கிறேன். "தாயி, இவுகளுக்குச் சாப்பாடு வேணாம். ரூம் மட்டும் எவ்வளவு?"

அவள் தயங்குகிறாள். "அப்பன்னா பாதி வாடகைங்கய்யா."

வீரசோழன்காரர் என்னைப் பார்க்கிறார். "ஃப்ரீன்னுல்ல போட்டிருக்காக, அண்ணாச்சி?"

"நானும் முப்பது வருசம் புரோட்டாக் கடையில சால்னா ஃப்ரீன்னு போர்டு போட்டவன். சால்னா காசு புரோட்டாவுல இருக்கும். ஊத்த ஊத்த இன்னும் ரெண்டு புரோட்டா கேப்பாக. படிச்சது மூணாப்பு, கட்டினது மூணு மாடி."

"அப்ப நீங்களும் இவுக ஆளுதான்" என்று சிரித்தபடி பர்ஸை மூடுகிறார்.

கழுத்தில் அட்டை தொங்கும் மேலாளர் வருகிறார். "பெரியவரே, பொழப்பைக் கெடுக்காதீக. உங்க பஸ்ஸு வந்துருச்சு, ஏறுங்க."

பஸ் வந்துதான் நிற்கிறது. கைக்குழந்தையோடு ஒரு தம்பதி மேசைப் பக்கம் வருகிறார்கள். நான் ஏறவில்லை.